பன்னிரண்டு பேருக்கு ஒரு பிலிம்

வலிகாமம் ஒளிப்பட அன்பர் கழகத்தில் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு பதினொரு அங்கத்தவர்களும் ஒரு கமராவும் நாற்பத்தொரு விதிகளும் இருந்தன. இல்லாதது பிலிம் ஒன்றுதான். பிலிம் இல்லாத கழகம் என்னத்தைச் செய்யும் என்று கேட்பீர்கள். கூட்டம் வைக்கும். ஞாயிறு தவறாமல் நல்லூரில் பிள்ளைகளுக்கு ரியூசன் நடக்கிற ஒரு ரியூட்டறியின் பின்கொட்டிலில் கூடி, போன கூட்டத்து அறிக்கையை வாசித்து, அதில் பிழை பிடித்து, பிழை பிடித்தவரிடம் பிழை பிடித்து, பிளேன்ரீ குடித்துவிட்டுக் கலைந்து போகும். மூன்று வருடத்தில் ஒரு படமும் எடுக்காமலே கழகத்துக்குள் இரண்டு பிளவும் ஒரு சமாதான உடன்படிக்கையும் வந்து போயிருந்தன.

அந்த ஆவணியில் கொழும்பிலிருந்து தடைகளைத் தாண்டிக் கிளாலிக் கடலால் வந்த ஒருவர், மல்லித்தூள் பொட்டலத்துக்குள் புதைத்து ஒரு கறுப்பு வெள்ளைப் பிலிம் கொண்டுவந்து கொடுத்தார். முப்பத்தாறு படம் எடுக்கலாம். கழகம் ஆடிப்போய்விட்டது. இனிப் படம் எடுக்காமல் இருக்க ஒரு சாட்டும் இல்லையே! அவசரக் கூட்டம் கூடிப் போட்டி என்று தீர்மானித்தார்கள். தலைப்பு, ‘வெளிச்சம்’. மூன்று வருடமாக மின்சாரம் இல்லாத ஊருக்கு இந்தத் தலைப்பைப் பிரேரித்தது யார் என்பதில் இன்றைக்கும் தகராறு இருக்கிறது.

அதைவிடப் பெரிய தகராறு பிரித்தலில் வந்தது. முப்பத்தாறைப் பதினொன்றால் பிரித்தால் மூன்று மிஞ்சுகிறது. அந்த மூன்றையும் தலைவர் தன் பெயருக்குத் தள்ளப் பார்க்கிறார் என்று செயலாளருக்குச் சந்தேகம். செயலாளர் தள்ளப் பார்க்கிறார் என்று தலைவருக்குச் சந்தேகம். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளப் பார்க்கிறார்கள் என்று மற்ற ஒன்பது பேருக்கும் சந்தேகம். இந்த நேரத்தில்தான் பத்மாசினியின் விண்ணப்பம் வந்தது. பன்னிரண்டாவது ஆள் என்றால் தலைக்கு மூன்று, மிச்சம் இல்லை. ஒருவரும் வாயே திறக்காமல் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

“பெண்பிள்ளையள் கமரா பிடிக்கிறதை நாங்கள் எதிர்க்கேல்லை,” என்று தலைவர் கதிரவேலு வரவேற்புரையில் சொன்னார். “எதிர்க்கிறதுக்கு விதி ஒண்டும் இல்லை. தேடிப் பாத்தனாங்கள்.”

பத்மாசினிக்கு ஒளிப்படக் கலையில் ஒரு ஆசையும் கிடையாது. உடுவில் பக்கத்தில் ஒரு உப தபாலகத்தில் முத்திரை விற்று, பொதிகளுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தவள் அவள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். அவளுடைய புருசன் இராசநாயகம் ஒரு ஸ்ரூடியோவில் வேலை பார்த்தவன். தொண்ணூறில், அவள் நாலு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது, சுவிசுக்குப் போனான். மகள் அருந்ததிக்கு மூன்று வயது ஆகப் போகிறது. தகப்பன் இன்னும் பிள்ளையின் முகம் காணவில்லை. ஊர் ஸ்ரூடியோக்களில் பிலிம் இல்லை. ஒளித்து வைத்திருந்த ஒருவர் சொன்ன விலையைக் கேட்டு அவள் படி இறங்கி வந்தாள்.

முதலில் நாலு பக்கம் எழுதிக்கொண்டிருந்தவன் பிறகு இரண்டு பக்கம் எழுதினான். கடைசியாக வந்தது ஏழு வரி.

“பிள்ளை ஓடுது, கதைக்குது எண்டு எழுதுறாய். மூண்டு வரியமா ஒரு படம் அனுப்பேல்லை. அங்கை குண்டு போடுறதை இஞ்சை ரீவியிலை பாக்கிறன். எனக்கு ஒண்டையும் மறைக்காதை. பிள்ளை உயிரோடைதானே இருக்கிறாள்?”

இதை வாசித்துவிட்டு, முத்திரை வாங்க வந்து நின்ற ஆளுக்கு முன்னாலேயே அவள் அழுதாள். எப்படி அழாமல் இருப்பது? பக்கத்தில் நின்று காசு அனுப்புகிற ஓடர்த் தாளைக் கிழித்துக்கொண்டிருக்கிற பிள்ளையை, இருக்கிறாள் என்று அவள் எப்படி நிரூபிப்பாள்?

கழகத்தின் விதி பத்தொன்பது அவளுக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியவந்தது. ‘பொதுப் பிலிமில் குடும்பத்தாரைப் படம் பிடித்தல் திருட்டாகக் கருதப்படும்.’

பிலிம் போடும் நாள் குத்துவிளக்கு ஏற்றினார்கள். தேவாரம் படித்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பரப்பி அதன்மேல் கமராவை வைத்தார்கள். தலைவர் கைகழுவி, பின்மூடியைத் திறந்து, பிலிமை வைத்து, அதன் நாக்கை மறுபக்கத்துச் சக்கரத்தில் செருகி, மூடி, நெம்புகோலை இரண்டு முறை இழுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பத்மாசினியின் கண் கமராவின் இடப்பக்கத்துக் குமிழில் இருந்தது. கலியாணம் முடித்த புதிதில் இராசநாயகம் அவளுக்குக் கமரா காட்டித் தந்தபோது சொன்னது ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு மறக்கவில்லை. “இழுக்கேக்கை இந்தக் குமிழும் சுத்தோணும். சுத்தாட்டில் உள்ளுக்கை பிலிம் ஓடேல்லை. நீ காத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய் எண்டு அர்த்தம்.”

குமிழ் அசையவே இல்லை.

“ஐயா,” என்றாள். “குமிழ் சுத்தேல்லை. பிலிமின்ரை நாக்குக் கழண்டுபோச்சுப் போலை.”

பதினொரு தலையும் கமராவை விட்டு அவள் பக்கம் திரும்பின.

“பிள்ளை,” என்றார் தலைவர், “நான் முப்பத்திரண்டு வரியம் கந்தோரிலை தலைமை இலிகிதரா இருந்தனான். என்ரை மேசைக்கு வந்த ஒரு பைலும் திரும்பிப் போனதில்லை. எனக்கு நீர் ஒரு பிலிம் போடப் பழக்கிறீரோ?”

செயலாளர் நடராசா எழும்பினார். கோட்டில் வழக்குகளோடு வேலை பார்த்து இளைப்பாறியவர். “தலைவர் போட்ட பிலிமிலை சந்தேகம் எண்டால் அது தலைவரிலை நம்பிக்கையில்லாப் பிரேரணை. அதுக்குப் பதினாலு நாள் முன்னறிவித்தல் தரவேணும். எழுத்திலை. மூண்டு பிரதி.”

“ஒருக்காத் திறந்து பாத்தால் தெரிஞ்சிடும்தானே ஐயா.”

“திறந்தால் வெளிச்சம் பட்டுப் பிலிம் பழுதாப் போகும். வெளிச்சத்துக்கெண்டு போட்டி வைச்சிட்டு வெளிச்சத்தை உள்ளுக்கை விடச் சொல்லுறீரோ!”

இனி ஒருவரும் திறக்கக்கூடாது என்று அந்த இடத்திலேயே கமராவுக்கு அரக்கு வைத்தார்கள். இரகசிய முத்திரை என்று சொல்லிச் செயலாளர் கைலேஞ்சிக்குள் மறைத்து எதையோ எடுத்து அரக்கில் அழுத்தினார். தினமும் அரக்கோடு மாரடிக்கிறவளுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு கண் போதும். கழகத்தின் இரகசிய முத்திரை ஒரு இரண்டு ரூபாய் நாணயக் குத்தி.

போட்டி தொடங்கியது. மூப்பின்படி ஒருவருக்கு ஒரு நாள், கிழமைக்கு இரண்டு பேர். எடுக்கப்போகும் மூன்று படங்களின் தலைப்பையும் முதல்நாளே பதிவேட்டில் எழுத வேண்டும். குடும்பப் படம் எடுத்துவிடாமல் பார்க்க ஒரு அவதானிப்பாளர் கூடப் போவார். முதல்நாள் தலைவர் சேந்தான்குளத்துக்கு விடியப்புறம் சைக்கிளில் போய், ‘கடலில் சூரியோதயம்’ என்று மூன்று படம் எடுத்தார். திரும்பி வந்ததும் அவதானிப்பாளருக்குத் தலைவர் பாணும் சம்பலும் வாங்கிக் கொடுத்தார் என்ற செய்தி பரவியது. அவதானிப்பாளரை அவதானிக்க இன்னொருவர் தேவை என்று தீர்மானம் வந்தது. அதற்குப் பிறகு மூன்று சைக்கிள் போனது. வழியில் சந்தியில் காவல் நின்று மறித்த இயக்கப் பெடியள், “ஏன் மூண்டு பேர்?” என்று கேட்டார்கள். “ஒருவர் படம் எடுக்கிறவர். மற்றவர் அவரை நம்பாதவர். நான் ரண்டு பேரையும் நம்பாதவன்,” என்று மூன்றாவது ஆள் உள்ளதைச் சொன்னார். இவ்வளவு நேர்மையான பதிலை அந்தச் சந்தியில் ஒருவரும் சொன்னதில்லை. போகவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் எடுத்தவர் முற்றத்தில் வேப்பிலைக்கு ஊடாக வந்த வெயிலைப் பிடித்தார். அந்த வெயிலில் அவருடைய மனுசியின் நிழல் விழுந்ததாக இரண்டாவது அவதானிப்பாளர் அறிக்கை கொடுத்தார். நிழல் குடும்பமா இல்லையா என்று இரண்டே முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள். நிழல் குடும்பத்தில் சேராது, ஆனால் இனிமேல் விழக்கூடாது என்று முடிவானது. அந்த மனுசிக்கு எச்சரிக்கைக் கடிதமும் போனது.

பத்மாசினி ஒவ்வொரு ஞாயிறும் எழும்பி, “குமிழ் சுத்தேல்லை ஐயா,” என்று சொல்வாள். ஒவ்வொரு ஞாயிறும் அது அறிக்கையில் ‘ஏனைய விடயங்கள்’ என்று பதியப்படும். அடுத்த ஞாயிறு சரி என்று ஏற்கப்படும். அவளில்தான் இப்போது எல்லாருக்கும் சந்தேகம். யாரோ அனுப்பித்தான் வந்திருக்கிறாள், கழகத்தைக் குழப்ப வந்தவள் என்று பிளேன்ரீ நேரத்தில் கதை நடந்தது.

லியோன் ஒருவன்தான் அவளோடு முகம் கொடுத்துக் கதைத்தான். குருநகரில் வலைக்காரக் குடும்பம். இடம்பெயர்ந்து நல்லூரில் ஒரு அறையில் இருந்தான். பிலிம் கழுவத் தெரிந்த ஒரே அங்கத்தவன் என்பதால் கழகம் அவனைப் பொறுத்துக்கொண்டது. தன்னுடைய நாள் முடிந்து வந்த மாலையில் அவன் அவளுடைய சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“தங்கச்சி, நீர் சொன்னது சரி. அது சுத்தேல்லை. உள்ளுக்கை பிலிம் வாங்கி வந்த மாதிரிக் கன்னிக்குட்டியாக் கிடக்குது.”

“அப்ப அண்ணை ஏன் நீங்கள் கூட்டத்திலை சொல்லேல்லை?”

“சொல்லி? எனக்கு அஞ்சாறு விசாரணை வரும். பேந்து கழுவுற வேலையையும் பறிச்சுப்போடுவினம். அவை கழுவினால் அது பிலிமுக்குச் செய்யிற பாவம்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “மாமி லூர்த்தம்மா கார்த்திகை பிறக்கக் கிளாலியாலை கொழும்புக்குப் போறா. கடிதம் ஏதும் இருந்தால் தாரும். அங்கை நிண்டு போடுவா.”

தபாலகத்தில் வேலை செய்கிறவள் ஆனபடியால் பத்மாசினிக்குத் தபாலில் நம்பிக்கை இல்லை. ஒரு கடிதம் வெளிநாடு போய்ச் சேர முன்னம் எத்தனை கை பிரித்துப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும். லூர்த்தம்மா என்றால் நம்பலாம். ஆனால் லூர்த்தம்மாவிடம் கொடுக்கக் கையில் என்ன இருக்கிறது?

கழுவும் மருந்துத் தூள் வந்துசேரப் பிந்தியது. பரிசளிப்பு மலரோ அச்சுக்குப் போக வேண்டும். அச்சகத்தில் இருந்த தாள் முடியப் போகிறதாம். ஆகவே படங்கள் வரும்வரை காத்திராமல், பதிவேட்டில் உள்ள தலைப்புகளை வைத்தே புள்ளி போடுவது என்று நடுவர் குழு முடிவெடுத்தது. நடுவர் குழுவில் மூன்று பேர்: தலைவர், செயலாளர், இவர்கள் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒருவர்.

பன்னிரண்டாம் நாளுக்கு முதல்நாள் மாலை, அரக்கு வைத்த கமராவைப் பத்மாசினியிடம் கையொப்பம் வாங்கிக் கொடுத்துக்கொண்டே செயலாளர் சொன்னார்:

“முடிவு வந்திட்டுது பிள்ளை. தலைவருக்கு முதலாம் இடம். எனக்கு ரண்டாம் இடம். உம்மடை ‘ஜாம் போத்தல் விளக்கு’ ஒன்பதாம் இடம்.”

“நான் இன்னும் எடுக்கேல்லையே ஐயா.”

“ஓம், அதுதான் சொல்லுறன். நாளைக்கு வடிவா எடும். ஒன்பதாம் இடம் எடுத்த படம், பாத்தால் ஒன்பதாம் இடம் மாதிரி இருக்கவேணும்.”

அந்த இடத்தில்தான் பத்மாசினிக்குப் பொறுமை விட்டுப் போனது. இவ்வளவு நாளும் ‘ஐயா, ஐயா’ என்று கெஞ்சிக்கொண்டு நின்றதை நினைக்க அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது. வீட்டுக்குப் போனதும் கைப்பையைக் கிளறி, அடியில் கிடந்த அரக்குத் துண்டை எடுத்து அடுப்படிப் பறணில் வைத்தாள்.

மறுநாள் காலை அவதானிப்பாளர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். செயலாளர் ஒருவர். மற்றவர் இளையதம்பி, உரக்கடை வைத்திருந்தவர். வந்தவர்கள் வாசல் படலையடியில் நின்றுவிட்டார்கள். புருசன் வெளிநாட்டில், தனியாக ஒரு பெண்பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் இரண்டு ஆம்பிளைகள் எப்படிக் கால் வைப்பது? அயல் என்ன கதைக்கும்? நாற்பத்தொரு விதி எழுதினவர்களுக்கு இது ஒன்று மட்டும் தோன்றாமல் போயிற்று. படலையடியிலேயே ஒரு உபகுழுக் கூட்டம் நடந்தது.

“நாங்கள் வெளியிலை நிக்கிறம்,” என்று செயலாளர் வேலிக்கு மேலால் சொன்னார். “நீர் உள்ளுக்கை எடும். கமராச் சத்தத்தை நாங்கள் காதாலை எண்ணுவம். மூண்டு கிளிக். நாலாவது கேட்டால் விசாரணை.”

அவள் கமராவைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். மூடியைத் திறந்து பிலிமைச் சரியாக மாட்டினால் பிறகு முப்பத்தாறு முறை கிளிக் என்னும். வேலிக்கு அங்கால் இரண்டு சோடிக் காது. ஒரு படமாவது பிள்ளையை எடுக்கலாம். ஆனால் முப்பத்துநாலாவதாக இருக்க வேண்டியது முதலாவதாகப் போய் நிற்கும், எத்தனையாவது படம் என்று காட்டுகிற இலக்கச் சாளரம் காட்டிக் கொடுக்கும். மூடியைத் திறந்த கையோடு இலக்கம் தானாகவே சைபருக்குப் போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு நின்றபோது வானத்தில் குண்டு போடுகிற பொம்மர் இரைந்தது.

செயலாளரும் இளையதம்பியும் பக்கத்து வளவுப் பங்கர்க் குழிக்குள் விழுந்த வேகத்தைப் பதிவு செய்ய அவதானிப்பாளர் ஒருவரும் இருக்கவில்லை. பத்மாசினி ஒரு கையில் பிள்ளையையும் மறுகையில் கமராவையும் அள்ளிக்கொண்டு தன் பங்கருக்குள் இறங்கினாள். எங்கேயோ தூரத்தில், சாவகச்சேரிப் பக்கமாக இருக்க வேண்டும், இரண்டு முறை அதிர்ந்தது. மண் கொட்டியது. அருந்ததி தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “அம்மா, போட்டிட்டானோ?” என்று கேட்டது. பேச்சு வந்த நாளிலிருந்து அது கேட்கிற கேள்வி. இந்தக் குரலைப் படம் பிடித்து அனுப்ப முடியாதே. முகத்தையாவது அனுப்ப வேண்டும். அந்த இருட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே நகத்தால் அரக்கை உடைத்து, மூடியைத் திறந்தாள். லியோன் சொன்னதுதான். பிலிம் அப்படியே உருளைக்குள் இருந்தது. கழன்ற நாக்கைச் சக்கரத்தில் ஆழமாகச் செருகி, மூடி, இழுத்தாள். இடப்பக்கத்துக் குமிழை விரலால் தொட்டுக்கொண்டே இழுத்தாள். சுற்றியது.

பொம்மர் போய்விட்டது. ஆனால் போன பொம்மர் திரும்பி வரும் என்று பக்கத்துப் பங்கரில் இரண்டு பேரும் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தார்கள். அரை மணித்தியாலம் அவர்கள் வெளியே தலை காட்டவில்லை. அந்த அரை மணித்தியாலத்தில் பத்மாசினி தன் பிள்ளையை முப்பத்துமூன்று படம் எடுத்தாள். பங்கர் வாசலில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது. கோழியைத் துரத்தியது. கோழி திருப்பித் துரத்த அழுதது. பல்லுத் தெரியச் சிரித்தது. முழங்கால் காயத்தைக் காட்டியது. பிள்ளைக்குக் கையும் காலும் முழுதாக இருக்கிறது என்று தகப்பன் எண்ணிப் பார்க்கட்டும் என்று இரண்டு கையையும் விரித்துப் பிடிக்கச் சொல்லி எடுத்தாள். பிறகு அடுப்படிக்கு ஓடி, அரக்கை உருக்கி, இரண்டு ரூபாய்க் குத்தியை அழுத்தினாள்.

செயலாளர் வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டு படலைக்கு வந்து, கமராவை வேலிக்கு மேலால் வாங்கிச் சோதித்தார். அரக்கு சரி. இலக்கம் முப்பத்துமூன்று. சரி. திருப்பிக் கொடுத்தார். உள்ளே மூன்று கிளிக் கேட்டது. இரண்டு பேரும் விரல் மடித்து எண்ணிக் கையொப்பம் வைத்தார்கள். அந்த மூன்றிலும் அருந்ததி ஜாம் போத்தல் விளக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றது.

பத்து நாள் கழித்து மருந்து வந்தது. லியோன் பிலிமைக் கழுவினான். அன்று பின்னேரம் தபாலகத்துக்கு வந்து ஒரு முத்திரை வாங்கினான். மிச்சக் காசை எண்ணாமலே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னான்: “பிள்ளைக்கு முன்பல்லு நல்ல வடிவா வந்திருக்கு, தங்கச்சி.” அவ்வளவுதான். போய்விட்டான்.

கடதாசித் தட்டுப்பாடு. ஒரே ஒரு படத்தாள் இருந்தது. பிலிமைத் துண்டு துண்டாக வெட்டி அந்த ஒரு தாளின்மேல் பரப்பி, முப்பத்தாறு படத்தையும் முத்திரை அளவில் லியோன் பதித்தான். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாள் மேசையில் வைக்கப்பட்டது. தலைவர் பூதக்கண்ணாடியை எடுத்து, தன்னுடைய முதலாம் இடத்துக்கு மேல் பிடித்தார்.

‘கடலில் சூரியோதயம்’ கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்தது.

கண்ணாடி இரண்டாவதுக்குப் போனது, மூன்றாவதுக்குப் போனது, வரிசை வரிசையாகக் கடைசிவரை போய் வந்தது. முப்பத்தாறும் ஒரே பிள்ளை. எல்லாரும் பத்மாசினியைப் பார்த்தார்கள். பிலிமைப் பறித்து எரித்துவிடுவார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். லூர்த்தம்மா போக இன்னும் ஒன்பது நாள்.

“இது மோசடி!” என்றார் தலைவர். “சூரியன் எங்கை?”

“ஐயா, நான்தான் சொன்னனே, குமிழ் சுத்தேல்லை. உங்கடை சூரியன் பிலிமிலை விழவே இல்லை.”

கொட்டில் யோசித்தது. இது அவளுடைய வேலை என்றால், அதற்கு முன்னர் பதினொரு பேரும் பதினொரு நாளும் காற்றைப் படம் பிடித்தார்கள் என்றாகும். தலைவர் பிலிமைப் பிழையாகப் போட்டார் என்றாகும். இரகசிய முத்திரை உடைபட்டது என்றாகும். காதால் எண்ணியவர்கள் பங்கருக்குள் இருந்தார்கள் என்றாகும். படம் இல்லாமலே புள்ளி போட்டது, மலர் அச்சடித்தது, முதற்பரிசான சவர்க்காரக் கட்டியைத் தலைவர் ஏற்கனவே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாதி தேய்த்தது, எல்லாம் வெளியே வரும்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். கோட்டு அனுபவம் கைகொடுக்கிற நேரம்.

“சபையோரே, உணர்ச்சிவசப்பட வேண்டாம். சான்றைப் பாப்பம். முத்திரை உடையேல்லை, பன்னிரண்டு கையொப்பம் இருக்கு. இலக்கம் பிழைக்கேல்லை. முதலாவது படம் எடுத்தது ஆர்? தலைவர். என்ன படம்? சூரியோதயம். பதிவேடு சொல்லுது. பதிவேடு பொய் சொல்லாது. கண் பொய் சொல்லலாம். ஆனபடியால் இந்தப் படத்திலை தெரியிறது சூரியோதயம்தான்.”

“பிள்ளை மாதிரிக் கிடக்குதே,” என்றார் இளையதம்பி.

“அது உங்கடை கண்ணின்ரை குறை. மருந்து பழசு, தண்ணி உப்பு. சூரியோதயம் அப்பிடித்தான் விழும்.”

தலைவர் மெல்ல நிமிர்ந்தார். முகத்தில் இரத்தம் திரும்பியது. “நான் அண்டைக்கு எடுக்கேக்கையே நினைச்சனான்,” என்றார், “சூரியன் கொஞ்சம் சிரிச்ச மாதிரி.”

ஏகமனதாக நிறைவேறியது. விதி நாற்பத்திரண்டு பிறந்தது: ‘பதிவேட்டில் உள்ளதே படம்.’ விதி பத்தொன்பதின்படி ஒரே ஒரு குற்றச்சாட்டுத்தான் பதிவானது. பத்மாசினியின் மூன்று படங்களிலும் விளக்கோடு ஒரு பிள்ளை தெரிவதாகச் சொல்லி ஒன்பதாம் இடத்திலிருந்து பன்னிரண்டுக்கு இறக்கினார்கள்.

கண்காட்சி சனிக்கிழமை நடந்தது. ஒரு தாள், ஒரு பூதக்கண்ணாடி, வீதிவரைக்கும் சனம். படம் என்று ஒன்றைக் கண்டு எவ்வளவு காலம்! வந்தவர்கள் வரிசையில் நின்று, ‘வேப்பிலையில் வெயில்’, ‘கோயில் தீபம்’, ‘மின்மினிகள்’ என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்கள். கடைசிவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தனக்குக் கலை விளங்கவில்லை என்று பக்கத்து ஆள் நினைத்துவிடுவான் என்று ஒவ்வொருவருக்கும் சந்தேகம். முடிந்ததும் செயலாளர் தாளை முப்பத்தாறாக வெட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் தலைப்பையும் எடுத்தவர் பெயரையும் எழுதி, கழக முத்திரை குத்தி உரியவர்களிடம் கொடுத்தார். பத்மாசினிக்கு மூன்று கிடைத்தது. விளக்கு பெரிதாகவும் பிள்ளையின் முகம் புகையாகவும் விழுந்த மூன்று. அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இந்த முகத்தைப் பார்த்து அவன் நம்புவானா?

திங்கட்கிழமை தபாலகம் திறந்து கொஞ்ச நேரத்தில் இளையதம்பி வந்தார். அங்குமிங்கும் பார்த்துவிட்டு மூன்று சின்னப் படங்களைக் கவுண்டருக்குள் தள்ளினார்.

“எனக்கும் தெரியும் பிள்ளை, குமிழ் சுத்தேல்லை. சொன்னால் ஆரும் என்னைத்தான் சந்தேகப்படுவினம் எண்டு விட்டிட்டன். அண்டைக்கு நீர் கவுண்டரிலை நிண்டு அழேக்கை முத்திரை வாங்க வந்தது நான்தான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும், என்ன?”

பத்தரைக்கு வேப்பிலை வெயில் வந்தது. “என்ரை மனுசி தரச் சொன்னவள்,” என்றார் அவர். மத்தியானத்துக்குள் கோயில் தீபமும் மின்மினிகளும் வந்தன. ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்றார்கள். செயலாளர் தன் மூன்றையும் பதிவுத் தபால் மாதிரி உறையில் போட்டுக் கொடுத்து, “இது ‘பக்கச்சார்பின்றி’க் கொடுக்கப்படுது. எழுதி வைச்சுக்கொள்ளும்,” என்றார். பின்னேரம் பூட்டப் போகும் நேரத்தில் தலைவர் வந்தார். சூரியோதயத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு, இன்னும் விரலை எடுக்கவில்லை.

“இது இரவல். தற்காலிகமாத்தான். இதிலை ஒரு கையொப்பம் வையும்.”

வைத்தாள்.

“தகப்பனைப் போலையோ?” என்று கேட்டார்.

“கண் அவரின்ரை கண் ஐயா.”

“ம்,” என்றார். விரலை எடுத்தார்.

லூர்த்தம்மா செவ்வாய்க்கிழமை பயணம். முப்பத்தாறு படமும் ஒரு சின்ன உறைக்குள் அடங்கிவிட்டது. பத்மாசினி கடிதத்தில் ஒன்றும் விவரமாக எழுதவில்லை. எழுத நேரம் இருக்கவில்லை. “பிள்ளை இருக்கிறாள். பாருங்கோ,” என்று மட்டும் எழுதினாள்.

பதில் தை பிறந்துதான் வந்தது. உறை கனத்தது. நாலு பக்கம். பூட்டிய கவுண்டருக்குப் பின்னால் இருந்து அவள் வாசித்தாள். முதல் மூன்று பக்கமும் மகளைப் பற்றித்தான். கண்ணைச் சுருக்கிற படத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறானாம். விரலை எண்ணினானாம், பத்தும் இருக்கிறதாம், திரும்பவும் எண்ணினானாம். வேலை செய்கிற சமையலறையில் எல்லாருக்கும் காட்டி அழுதானாம். பத்மாசினிக்கு எழுத்துத் தெரியாமல் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு நாலாம் பக்கத்தைத் திருப்பினாள்.

“எல்லாம் சரி பத்மா. பிள்ளை உயிரோடை இருக்கிறாள் எண்டு இப்ப நம்புறன். ஆனால் படங்களைத் திருப்பிப் பாத்தனான். பதினொரு ஆம்பிளையளின்ரை பேர் கிடக்கு. சீல் வேறை. ஒருத்தன் என்ரை பிள்ளையைச் சூரியோதயம் எண்டு எழுதியிருக்கிறான். ஆர் இந்தக் கதிரவேலு? எனக்கு ஒண்டையும் மறைக்காதை.”

பத்மாசினிக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, கெதியில் அடங்கவில்லை. பிறகு ஓடர்த் தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். விதி பத்தொன்பதில் தொடங்கிப் பார்த்தாள். குமிழில் தொடங்கிப் பார்த்தாள். மூன்று தாள் கிழிபட்டது. நாலாவது தாளில் எழுதியதை மட்டும் மடித்து, உறையில் போட்டு, அரக்கு வைத்து, இரண்டு ரூபாய்க் குத்தியை அழுத்தினாள்.

“கதிரவேலு ஐயா எங்கடை தலைவர். எழுதினால் நம்பமாட்டியள். வந்து பாருங்கோ.”